ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது: பட்டை கட்டுவதா, புது செட் போடுவதா, அப்படியே விடுவதா?

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பல தோட்டப் பாதைகளில் கார் ஏறாது. மூட்டையும் ஆளும் ஜீப்பில்தான் போகவேண்டும். சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைக்கும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான் கதி. அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கும் பழைய வண்டிகளைப் பின்னாலிருந்து பாருங்கள். நேராக நிற்பவை குறைவு. ஒன்று ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருக்கும், இன்னொன்று பள்ளத்துப் பக்கம் தோளைச் சாய்த்த மாதிரி நிற்கும்.

எங்கள் வீட்டு ஜீப்புக்கு 30 வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா வாங்கிய டீசல் வண்டி. நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்). மூன்று வருடமாக அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பட்டறையில் முன் வலது பட்டை செட்டில் ஒரு பட்டை கூடுதலாக வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் சரியாகத் தெரிந்தது, அப்புறம் பழையபடி சாய்ந்தது. போன மழைக்காலத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து அளந்தேன். தாழ்ந்து தெரிந்தது முன் வலது மூலை. பழுது இருந்தது பின் வலதில். அதனால்தான் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்ற ஒப்பீட்டுக்கு முன்னால் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். அளக்காமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டாம்போக்கில் செலவழிப்பதுதான்.

முதலில் தரை

வண்டி நிற்கும் தரை சமமாக இருக்கிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. என் ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1.2 மீட்டருக்குச் சற்று மேல். தரையில் நூற்றுக்கு ஒன்று சரிவு இருந்தாலே 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். வீட்டு முற்றங்களை மழைத்தண்ணீர் ஓடுவதற்காக இதைவிடச் சாய்த்துத்தான் பூசுவார்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் இருந்தால் போதும். தண்ணீர் நிரப்பிய அந்த ஒளி ஊடுருவும் குழாயின் இரண்டு முனையையும் இரண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் தரையின் உண்மை தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஒருமுறை அளந்துவிட்டு, வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தி மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

டயரில் காற்று நாலிலும் சரியாக இருக்கட்டும். இடப்பக்கம் ஒரு கம்பெனி, வலப்பக்கம் ரீட்ரெட் என்று கலந்து போட்டிருந்தால், தரையிலிருந்து சக்கரத்தின் மையம்வரை அளந்தாலே வித்தியாசம் வெளியே வந்துவிடும். டேங்க் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்களில் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே டேங்க் இருக்கும். 40 லிட்டர் டீசல் என்றால் ஏறக்குறைய 33 கிலோ. வண்டியில் யாரும் உட்காரக்கூடாது. என் ஜீப்பில் 75 கிலோ ஆள் ஒருவர் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாலே அந்தப் பக்க மட்கார்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கமான் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டு நிற்பவை. துருப்பிடித்த செட்டில் அந்த உரசலே வண்டியைத் தூக்கியும் பிடிக்கும், தாழ்த்தியும் பிடிக்கும். ஆகவே பம்பரை அழுத்தி மெதுவாக விட்டு ஓர் அளவு, தூக்கி மெதுவாக விட்டு ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான உயரம். என் வண்டியில் இந்த இரண்டு அளவுக்கும் இடையே 11 மி.மீ. இருந்தது. காலையில் ஒருவர் அளந்து சாயந்திரம் இன்னொருவர் அளந்தால் சண்டையே வரலாம்.

மூன்று இடைவெளிகள்

மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு அளந்து, இந்தப் பக்கம் குறைவு, அந்தப் பக்கம் அதிகம் என்று சொல்வதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அந்த ஒரு எண்ணுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தரைக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் டயரைச் சொல்லும். அச்சுக் குழாய்க்கும் சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) உள்ள தூரம் பட்டை, ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் தகடு), புஷ் (அந்த இணைப்புத் துளைக்குள் இருக்கும் உறை) இவற்றைச் சொல்லும். சேஸுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி, நடுவே இருக்கும் ரப்பரையும் துருவையும் சொல்லும். மூன்றையும் தனித்தனியாக, நாலு மூலையிலும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

என் கணக்கைச் சொல்கிறேன். முன் மட்கார்டில் வலப்பக்கம் 38 மி.மீ. தாழ்வு. அதில் டயரின் பங்கு 3 மி.மீ. அச்சுக்கும் சேஸுக்கும் இடையே வலது 13 மி.மீ. குறைவு. பாடி ரப்பரில் வலது 4 மி.மீ. நசுங்கியிருந்தது. கூட்டினால் 20தான் வருகிறதே, மீதி 18 எங்கே என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. சேஸின் இரண்டு பார்களுக்கு நடுவே முக்கால் மீட்டர்தான், மட்கார்டுக்கு மட்கார்டு ஒன்றரை மீட்டர். சேஸில் 1 மி.மீ. சாய்ந்தால் மட்கார்டில் அது 2 மி.மீ. ஆகத் தெரியும். 13 என்பது 26, 4 என்பது 8, அதோடு சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர்தான் என்பதால் டயரின் 3 மூன்றரை ஆகிறது. கிட்டத்தட்ட 38 வந்துவிட்டது. கணக்கு ஒத்துவந்த அந்த நிமிடத்தில்தான் என் அளவின்மேல் எனக்கே நம்பிக்கை வந்தது. உங்கள் கணக்கு ஒத்துவராவிட்டால் ஏதோ ஓர் இடத்தில் டேப்பைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். மறுபடி அளங்கள்.

எந்த அச்சு?

சேஸ் என்பது விறைப்பான ஒரு சட்டம். பின் வலது பட்டை உட்கார்ந்தால் சட்டம் மொத்தமாக வலப்பக்கம் சரியும், முன் வலதும் கூடவே தாழும். முன்னால் மட்கார்டும் ஹெட்லைட்டும் இருப்பதால் கண் அங்கேதான் போகும். எனவே முன்னும் பின்னும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை போடுங்கள். சேஸின் பின் குறுக்குப் பாரின் நட்டநடுவில், இழுவைக் கொக்கி இருக்கும் இடத்தில், ஜாக்கி வைத்துப் பின் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் தராசு முள் போல நிற்கிறது. பின் பட்டைகளால் வண்டியை எந்தப் பக்கமும் சாய்க்க முடியாது. மிச்சம் தெரியும் சாய்வு முன் பட்டைகளாலும் எடை ஏற்றத்தாழ்வாலும் வருவது. இதையே முன்பக்கம் நடுவில் தூக்கிச் செய்தால் பின் பட்டைகளின் நிலை தெரியும். அச்சில் இருக்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) உருண்டைக்கு அடியில் ஜாக்கி வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வில்லிஸ் வழி ஜீப்களில் அது அச்சின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். தூக்கிய வண்டி ஆடும் என்பதால் பக்கவாட்டில் சேஸுக்கு ஓரங்குலம் கீழே ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். அடியில் யாரும் போகக்கூடாது. கையை நீட்டி அளந்துவிடலாம்.

என் ஜீப்பில் பின்பக்கத்தைத் தூக்கியதும் முன்னால் வலப்பக்கத் தாழ்வு 13 மி.மீ. மறைந்தது மட்டுமில்லை, இடப்பக்கம் 4 மி.மீ. தாழ்ந்து நின்றது. மூன்று வருடமாக எல்லோரும் குறை சொன்ன முன் வலது பட்டை உண்மையில் தேவைக்கு மேல் பலமாக இருந்தது. பட்டறையில் கூடுதலாக வைத்த பட்டை பின்பக்கத்துப் பழுதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பின் வலது செட்டைக் கழற்றிப் பிரித்தபோது மூன்றாவது பட்டை, செட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் இடத்துக்குள்ளேயே ஒடிந்து கிடந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை குனிந்து பார்த்தாலும் தெரிந்திருக்காது. பட்டைகள் பெரும்பாலும் ஒடிவது இங்கேதான், அவற்றை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையை ஒட்டி.

எடையின் பங்கு எவ்வளவு என்று தெரிய எடை மேடைக்குப் போனேன். தரையோடு தரையாக இருக்கும் மேடையாக இருந்தால் இடது சக்கரங்கள் இரண்டை மட்டும் மேலே ஏற்றி ஓர் எடை, வலது இரண்டை மட்டும் ஏற்றி ஓர் எடை எடுக்கலாம். நிறுத்தியதும் நீங்கள் இறங்கிவிடவேண்டும். இடது 640, வலது 660. இந்த 20 கிலோவால் என் பட்டைகளின் விறைப்புக்கு மட்கார்டில் 6 முதல் 8 மி.மீ. வரை சாய்வு வரும். அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அப்படியே விடுவது

மட்கார்டில் 12 மி.மீ.க்குள் இருக்கிறது, பல மாதமாகக் கூடவில்லை, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, சேஸும் அச்சும் முட்டும் ரப்பர் இரண்டு பக்கமும் தொடாமல் இருக்கிறது என்றால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பழைய ஜீப்பில் எடை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முன் இடது பட்டையை முன் வலதைவிட விறைப்பாகவே செய்தார்கள். அமெரிக்க வண்டியில் ஓட்டுநரும் டேங்கும் இடப்பக்கம் என்பதால் அப்படி. லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் ஓட்டுநர் பக்கச் சுருள் ஸ்பிரிங்கும் பயணி பக்கச் சுருள் ஸ்பிரிங்கும் வேறு வேறு. அதனால் யாராவது பிரித்து மாட்டும்போது இடம் மாற்றிவிட்டாலும் வண்டி சாயும். சுருளில் இருக்கும் பெயின்ட் கோடுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விடக்கூடாத சமயமும் உண்டு. நேற்றுவரை நேராக நின்ற வண்டி இன்று காலையில் சாய்ந்திருந்தால் ஏதோ ஒடிந்திருக்கிறது. பட்டையாகவோ, சென்டர் போல்ட்டாகவோ, பட்டையைச் சேஸில் பிடிக்கும் பிராக்கெட்டாகவோ இருக்கலாம். சென்டர் போல்ட் ஒடிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் அளந்து 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மலை இறங்காதீர்கள். அங்கேயே ஆளை வரவழையுங்கள்.

புஷ், ஷேக்கிள், பாடி ரப்பர்

செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் பலர் இதைத் தாண்டி நேரே பட்டைக்குப் போய்விடுகிறார்கள். ரப்பர் புஷ் இருக்கும் வண்டியில், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கண் போல்ட்டை (பட்டை முனையின் வளையத்தில், அதாவது கண்ணில், மாட்டும் போல்ட்) இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பட்டையை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். எல்லாக் கண் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை ஐம்பது மீட்டர் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். ஒரு மணி நேர வேலை. கிரீஸ் நிப்பிள் வைத்த பழைய ஷேக்கிள் என்றால் கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். அடைத்துத் துருவேறி இறுகிய ஷேக்கிள் எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்திலேயே நிற்கும்.

பாடி ரப்பருக்குப் பதிலாகப் பழைய டயரை வெட்டி வைப்பது நம் ஊர் வழக்கம். அதைவிடக் கன்வேயர் பெல்ட் துண்டு மேல், நடுவில் துணி அடுக்கு இருப்பதால் சீக்கிரம் நசுங்காது. நாலு மூலையிலும் ஒரே பொருளைப் போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் புதிதாக வைத்தால் பாடித் தகடு முறுக்கிக்கொண்டு கதவோரத்தில் விரிசல் விடும்.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் சாய்வு போகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகாது. சாதாரண ஆயில் ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. ஒன்று வளைந்து இறுகிப் போயிருந்தால் வண்டியைப் பிடித்து வைக்கும். அதைச் சோதிக்கக் கீழ் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தாலே போதும்.

இடம் மாற்றிப் போடுவது

ஒரே அச்சின் இடது, வலது பட்டை செட்டுகளை மாற்றி மாட்டுவதைப் பட்டறைகளில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கூலிதான் கிடைக்கும், சாமான் விற்காது. ஆனால் எனக்கு இது மிகவும் பிடித்த வழி. சாய்வு பக்கம் மாறினால் பழுது பட்டையில் இருக்கிறது. மாறாமல் அப்படியே நின்றால் எடையிலோ சேஸிலோ இருக்கிறது. சோதனைக்குச் சோதனை. பட்டைகளில் ஒடிவு எதுவும் இல்லாமல் தளர்ச்சியில் சின்ன வித்தியாசம் மட்டும் இருந்தால், தளர்ந்தது எடை குறைந்த பக்கம் போய்விடுவதால் வைத்தியமும் ஆகிவிடும். இரண்டு செட்டும் ஒரே மாதிரி, கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை ஒரே நீளம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். யூ போல்ட்டைப் புதிதாகப் போடவேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது.

பட்டை கட்டுவது

நாமக்கல், கரூர், சேலம் என்று லாரியும் பஸ்ஸும் நிறைந்த ஊர்களில் பட்டை வேலை தெரிந்த பட்டறைகளைத் தேடி அலையவேண்டியதில்லை. அங்கே வளைவு போன பட்டையை வளைவு ஏற்றிக் கட்டிக் கொடுப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை விடாதீர்கள்.

ஒன்று, பச்சையாக அடிப்பது. சூடு காட்டாமல் பிரஸ்ஸிலோ சம்மட்டியிலோ வளைப்பது. அன்றைக்கே முடிந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும். பாரத்தில் ஓடும் வண்டியில் சில மாதத்தில் மறுபடி இறங்க ஆரம்பிக்கும். இன்னொன்று, ஒவ்வொரு பட்டையாகச் சூளையில் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு 450 முதல் 500 டிகிரியில் மறுபடி சூடு காட்டிப் பதப்படுத்துவது. இதுதான் முறையான வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே ஆபத்தான மூன்றாவது ஒன்று இருக்கிறது. உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, அப்படியே காற்றில் ஆறவிடுவது. அந்தப் பட்டை ஸ்பிரிங் தன்மையை இழந்து வெறும் இரும்புத் துண்டாகிவிடும்.

முறையாகச் செய்தாலும் ஒன்றை மட்டும் மீட்க முடியாது. கம்பெனிகளில் பட்டையின் இழுவிசை படும் பக்கத்தில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவார்கள். விரிசல் தொடங்காமல் தடுப்பது அதுதான். மறுபடி சூடாக்கினால் அந்த இறுக்கம் போய்விடும். அதனால் பட்டை கட்டுவதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்றால், எல்லாப் பட்டையையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துளையைச் சுற்றியும் கண்ணிலும் முடி அளவு விரிசல்கூட இல்லை என்று பார்த்த பிறகு. தடிமன் தேய்ந்திருக்கக்கூடாது. வண்டிக்குப் புது செட் சந்தையில் கிடைக்கவில்லை என்றாலும் இதுதான் வழி. எப்போது கட்டினாலும் இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஒரு பட்டை

என் வண்டிக்குச் செய்தது இது. பட்டையின் விறைப்பு அகலத்தோடும் எண்ணிக்கையோடும் நேராகக் கூடும், தடிமனோடு மும்மடிப் பெருக்கமாகக் கூடும். ஏழு பட்டையில் அதே தடிமனில் எட்டாவது வைத்தால் ஏழில் ஒரு பங்கு விறைப்பு கூடும். பின்னால் 200 கிலோ ஏற்றி, ஒரு பக்கம் 25 மி.மீ. இறங்கினால் மறு பக்கம் 22 இறங்கும். 3 மி.மீ. வித்தியாசம் பெரிய தொந்தரவு இல்லை, நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் கடையில் 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. பட்டைதான் இருக்கிறது என்று வைத்தால், அந்த ஒரு பட்டை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும்.

உண்மையான குறை வேறு. பலவீனமான பட்டை உள்ளேயே இருந்துகொண்டு இன்னும் பலவீனமாகிறது. சாய்வு மறைந்ததால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. என் வண்டியில் ஒடிந்த பட்டை மூன்று வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எத்தனை முறை மெட்டு இறங்கியிருப்போம் என்று நினைத்தால் இன்றும் மனது கலங்குகிறது. ஒரு பக்கம் எப்போதும் கூடுதல் பாரம், மாற்ற முடியாத தண்ணீர்த் தொட்டியோ வின்ச்சோ இருக்கிறது என்று எடை மேடை சொன்னால் மட்டும் இந்த வழிக்கு இடமுண்டு.

ஷேக்கிளை ஒரு பக்கம் நீளமாகப் போடுவதும் இதே வகைதான். 20 மி.மீ. நீட்டினால் சுமார் 10 மி.மீ. தான் உயரும், முன் அச்சில் செய்தால் அச்சு முறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங் நேராக நிற்காது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்களில் பட்டை அச்சுக்கு அடியில் ஓடுகிறது. அங்கே கட்டை வைத்தால் வண்டி உயராது, இறங்கும்.

புது ஜோடி

பட்டை ஒடிந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, மலையில் ஆள் ஏற்றும் வண்டியாக இருந்தாலோ, அந்த அச்சுக்குப் புது ஜோடி போடுங்கள் என்றுதான் சொல்வேன். நாலும் மாற்றவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது, பழசும் புதுசும் வேறு வேறு வேகத்தில் இறங்கும்.

கடையிலேயே இரண்டையும் தரையில் வைத்து, கண்ணுக்குக் கண் நூல் கட்டி, நூலிலிருந்து சென்டர் போல்ட் வரை அளந்து பாருங்கள். இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போகவேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. கொஞ்சம் கூடுதலாக இருப்பதை எடை அதிகமுள்ள பக்கம் மாட்டலாம். காலியாக ஓடும் வண்டிக்கு ஹெவி டூட்டி செட் வாங்காதீர்கள். வண்டி நேராக நிற்கும், முதுகு நேராக இருக்காது. மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும். முதல் சில வாரத்தில் புதுப் பட்டை சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்புதான்.

2010இல் வந்த பழைய மஹிந்திரா தாரின் சி.ஆர்.டி.இ. மாடல் போன்ற வண்டிகளில் முன்பக்கம் கமான் பட்டை இல்லை, முறுக்குத் தண்டு (டார்ஷன் பார்). போல்ட்டைத் திருகினாலே உயரம் மாறும். வசதிதான். ஆனால் பின்பக்கப் பட்டை உட்கார்ந்ததை மறைக்க முன்பக்கத்தைத் திருகிவிடும் சபலமும் அங்கேதான் அதிகம். குறுக்குப் பார் சோதனையைச் செய்த பிறகு திருகுங்கள். மாருதி ஜிப்ஸியில் நாலும் கமான் பட்டை என்பதால் மேலே சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

சேஸ்

செலவு அதிகமான பதில் இது, அதனாலேயே பலர் பார்க்கத் தயங்குகிறார்கள். பட்டை மாட்டும் நாலு பிராக்கெட்டுகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸ் நகர்ந்திருக்கிறது. முறுக்கைப் பார்க்க அதே நாலு இடத்திலும் டியூப் லெவல் பிடிக்கலாம். பிராக்கெட்டைச் சுற்றியும் ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடத்திலும் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு விரிசல் தேடுங்கள். இங்கே விரிசல் இருந்தால் பட்டைக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு, முதலில் சேஸ் வேலை தெரிந்த ஆளிடம் போகவேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

என் ஜீப்பில் சேஸ் நேராக இருந்தது. பின் அச்சுக்குப் புது ஜோடி போட்டோம். ஒடிந்த செட்டில் மூன்றாவது பட்டையை மட்டும் மாற்றிக் கட்டலாமா என்று யோசித்தோம். பக்கத்துப் பட்டையிலும் துளை ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்ததால் விட்டுவிட்டோம். முன் வலதில் இருந்த கூடுதல் பட்டையைக் கழற்றினோம், பாடி ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினோம், டயர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்த்தோம். அன்று சாயந்திரம் மட்கார்டில் 5 மி.மீ. மூன்று மாதம் கழித்து, மழைக்கு நடுவே நாலைந்து முறை மலை ஏறி இறங்கிய பிறகு, அதே இடத்தில் அதே டேப்பால் அளந்தேன். 7 மி.மீ. வலது தாழ்வு, எடை மேடை சொன்ன கணக்குக்குள்ளேயே இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். அடுத்த அளவு பொங்கல் முடிந்து.